ஓடுகிற படத்தை யார் பார்ப்பது?

போன மாதம் ஒரு காலை. பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறினேன். அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. வைட்ஃபீல்ட் போய்ச் சேரும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடக்கலாம் என்று நினைத்தேன். விடுவார்களா? போனில் ஒரு மெசேஜ். அக்கா மகன் கெவின்.

'சித்தி, டாடி மம்மி ஆனிவர்சரி ஸ்லைட் ஷோ ரெடி. பாத்துட்டு ஒபீனியன் சொல்லுங்க.' கீழே ஒரு லிங்க். அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள்.

என் அக்கா ஃபிலோமினாவுக்கும் வின்சென்ட் மாமாவுக்கும் கல்யாணமாகி நாற்பது வருஷம். காக்ஸ் டவுனில், மாதா கோவிலை ஒட்டிய ஹாலில் விழா. பூசை, கேக், ஸ்லைட் ஷோ, பிரியாணி... இந்த வரிசை எங்கள் வீடுகளில் மாறவே மாறாது. ஸ்லைட் ஷோ முடியாமல் பிரியாணி அண்டாவைத் திறக்க மாட்டார்கள். எல்லாரும் அவ்வளவு பொறுமையாகப் படம் பார்ப்பதற்குக் காரணம் அதுதானோ என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் உண்டு.

லிங்க்கை அமுக்கினேன்.

முதலில் இரண்டு புறாக்கள் பறந்து வந்தன. ஒரு இதயம் வெடித்தது. அதற்குள்ளிருந்து பொன்னெழுத்தில் பெயர்கள். பின்னணியில் ஓர் ஆங்கிலக் காதல் பாட்டு உருக ஆரம்பித்தது. பிறகு படங்கள். படங்களா அவை? ஒன்று சுழன்றுகொண்டே வந்தது. ஒன்று தாளை மடிப்பது போல மடிந்து போனது. இன்னொன்று எங்கிருந்தோ ஓடிவந்து, மூக்கில் முட்டுகிற அளவுக்குப் பெரிதாகி, யாரென்று பார்ப்பதற்குள் கரைந்துவிட்டது.

கே.ஆர்.புரம் வந்தது. ஸ்லைட் ஷோவில் கெவினுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. ஹூடி வந்தபோது ஸ்லைட் ஷோவில் ஊட்டி வந்தது. மாமாவின் அக்கா ரோஸ்லின் ஆண்ட்டி, குடும்பத்தோடு ஏரியில் படகு விடுகிறார். அந்தப் படகில் மாமாவும் இல்லை, என் அக்காவும் இல்லை. கரையிலாவது நிற்கிறார்களா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அடுத்து ஒரு ரோஜாப்பூ. அதன்மேல் பனித்துளி. கீழே, 'இனிய காலை வணக்கம்'. சத்தியமாகச் சொல்கிறேன்! ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை எல்லாம் மொத்தமாக அள்ளிப் போட்டிருக்கிறான். யாரோ அனுப்பிய குட்மார்னிங்கும் குடும்பத்தில் ஒருத்தராக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது. ஷோ முடியவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், பிரசன்டேஷன் செய்வதுதான் என் பிழைப்பு. ஆபீசில் பெரியவர்கள் மேடையில் பேசும்போது அவர்களுக்குப் பின்னால் மாறுகிறதே படம், அதைச் செய்து கொடுப்பவள் நான். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரமே வரும். இருந்தாலும் புறாவை மன்னித்துவிடலாம். ரோஜாவையும் மன்னிக்கலாம். ஊட்டிப் படகைக்கூடப் போனால் போகிறதென்று விட்டுவிடலாம். கல்யாணப் படத்தை எப்படி மன்னிப்பது?

பழைய ஆல்பத்தை டைனிங் டேபிளில் விரித்து வைத்து, மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூட எடுக்காமல், போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறான். என்ன ஆகும்? மாப்பிள்ளை தெளிவாக இருக்கிறார். மாப்பிள்ளைத் தோழன் தெளிவு. பின்னால் இருக்கும் பூச்சாடியில் பூக்களை எண்ணலாம். மணப்பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு வெளிச்சம். போதாததற்கு ஓரத்தில் கெவினின் கட்டைவிரல்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கூப்பிட்டேன்.

"எவ்வளவு நேரம்டா ஓடும் இது?"

"ஹாஃப் அன் அவர்கூட ஆகாது சித்தி. எல்லாரையும் கவர் பண்ணணும்ல?"

"எதுக்குடா எல்லாரையும் கவர் பண்ணணும்? கல்யாணம் ஆனது ரெண்டு பேருக்குத்தானே?"

"ஐயோ சித்தி... ஒரு போட்டோ விட்டுப்போச்சுன்னா ரோஸ்லின் அத்தை சும்னே இருப்பாங்களா? அவங்க சைடு மொத்தமும் கெளம்பிடும். நீங்க வந்து ஆன்சர் பண்ணுவீங்களா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நம் வீட்டு விழாக்களில் ஸ்லைட் ஷோ என்பது படம் காட்டுவதற்காக நடப்பதில்லை. ஹாஜர் எடுப்பதற்காக நடக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் திரையில் தங்கள் முகம் வந்ததா என்று பார்க்கும். வந்ததும் 'ஏய், நாம பாரு!' என்று ஒரு சத்தம் எழும். அதோடு அவர்கள் வேலை முடிந்தது, அடுத்த வீட்டுக்காரர் முகம் வரும்போது இவர்கள் போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். முகம் வராதவர்கள் பிரியாணி சாப்பிடும்போது உப்பு பற்றிப் பேசுவார்கள்.

"சரி, அதை விடு. கல்யாண போட்டோல உங்கம்மா மூஞ்சியே தெரியலையேடா?"

"அது ஒரு செகண்ட்தான் சித்தி வரும். யாரு நோட்டீஸ் பண்ணப் போறாங்க?"

"உங்கப்பா?"

"டாடிக்கு எப்படியும்..." என்று ஆரம்பித்தவன், சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

வின்சென்ட் மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஸ்கூலில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மைதானத்தின் அந்தக் கோடியில் சட்டையை உள்ளே விடாமல் நிற்கும் பையனை, இந்தக் கோடியில் இருந்தே பெயர் சொல்லி விசில் ஊதுவார். அப்படிப்பட்ட கண். அந்தக் கண்களில்தான் இப்போது நோய். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறதாம். ஊசி போடுகிறார்கள். இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அவரு பாக்க மாட்டாருன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டேன். மீட்டிங் இருக்கிறது என்றான். இந்தப் பிள்ளைகளுக்குப் பதில் இல்லாதபோதெல்லாம் மீட்டிங் வந்துவிடுகிறது!

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா ஹாலில் அவருடைய நாற்காலியில் இருந்தார். "வா ஜெசி" என்றார், எனக்குப் பக்கத்தில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

பழகாதவர்கள் பார்த்தால், மனுஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைத்து ஒன்றிரண்டு பேர் கோபித்துக்கொண்டும் போயிருக்கிறார்கள். நானே அன்று கேட்டேன்.

"மாமா, நான் இங்க இருக்கேன். நீங்க காலண்டர்கிட்ட பேசறீங்க."

சிரித்தார். "உன்னைப் பாத்தா நீ காணாமப் போயிடுவே. நடுவுல மட்டும் யாரோ எச்சி தொட்டு சிலேட்டை அழிச்ச மாதிரி இருக்கும். காலண்டரைப் பாத்தா நீ ஓரத்துல தெரியறே. இன்னைக்கு நீலப் பொடவை. சரியா?"

சரிதான். நீலம்தான்.

காபி போடுகிற சாக்கில் அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"தினமும் ஆல்பத்தை மடில வெச்சுக்கிட்டு லென்ஸ் வெச்சுப் பாக்கறாருடி. போட்டோ சின்னதா இருக்குதா, மூஞ்சி பிடிபடல. கொஞ்ச நேரம் பாப்பாரு, அப்புறம் மூடி வெச்சுட்டு எதுவும் பேசாம ஒக்காந்திருப்பாரு. போன வாரம் என்கிட்ட கேக்கறாரு, 'ஃபிலோ, கல்யாணத்தன்னிக்கு நீ எப்படி இருந்தே'ன்னு. அதை நான் எப்படிச் சொல்லுவேன்?"

பொங்கி வந்த பாலை இறக்கி வைத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"பெரிய ஸ்கிரீன்ல போட்டா தெரியும்ல ஜெசி? ஒரே ஒரு தடவ அவரு பாத்துட்டா எனக்குப் போதும். டாக்டரு இப்பல்லாம் அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசறதே இல்ல."

"தெரியும்க்கா. நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த நிமிஷத்தில் கெவினுடைய புறா, இதயம், படகு எல்லாவற்றையும் மனத்துக்குள் கடாசிவிட்டேன்.

ஆல்பத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனேன். அந்தக் காலத்துப் பசை ஆல்பம். பிளாஸ்டிக்கை உரித்தால் கூடவே படமும் வரும் போல இருந்தது. ஒரு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஃபிளாஷ் இல்லை. ஜன்னல் வெளிச்சம், ஒரு வெள்ளைத் துணி, ஆடாத கை. ஃபோட்டோவை ஃபோட்டோ எடுக்க இவ்வளவு போதும். இதைக் கற்றுக்கொள்ளவா வைட்ஃபீல்டில் அவ்வளவு பெரிய கம்பெனியில் வேலைக்குப் போக வேண்டும்?

கோவில் வாசல் படிக்கட்டில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அக்கா வெள்ளைப் பட்டுப் புடவையில். அப்போதுதான் முகத்தை மூடியிருந்த நெட் துணியை மேலே தள்ளிவிட்டிருக்கிறார்கள். தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, சிரிக்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி ஒரு முகம். பக்கத்தில் மாமா, விறைப்பாக, டிரில்லில் நிற்பது போல.

இந்தப் படம்தான் என்று முடிவு செய்தேன். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஸ்லைட் ஷோ செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, 'எந்தெந்தப் படம் போடலாம்?' என்றுதான். நான் ஆபீசில் தலைப்பாடாக அடித்துக்கொள்வது வேறு. யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த ஆள் எங்கே உட்காருவார்? அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? மாமாவுக்கு ஒரு முகம் பிடிபட வேண்டுமானால், முதலில் படம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பிறகு கண்ணை அதன் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்குள் படம் ஜூம் ஆகி நகர்ந்தால் அவர் என்ன செய்வார்? மறுபடியும் முதலிலிருந்து தேடுவார். அப்போது அடுத்த படம் வந்திருக்கும்.

ஆகவே என் ஷோவில் எதுவும் ஆடாது, சுழலாது, வெடிக்காது. பின்னால் முழுக் கறுப்பு. ஒரு நேரத்தில் ஒரு படம். பாட்டு இல்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் 'இது எங்க எடுத்தது தெரியுமா' என்று பேச ஆரம்பித்துப் பேசி முடிக்கிற வரைக்கும் படம் அங்கேயே நிற்கும். மொத்தம் ஒரு கைப்பிடிப் படங்கள். கல்யாணம், கெவின் பிறந்தது, மாமா ஸ்போர்ட்ஸ் டேயில் கொடி பிடித்தது, இப்படி. எல்லாமே பெரிய முகங்கள்.

கெவினுக்கு அனுப்பினேன். அவன் அதைப் பார்த்தானோ இல்லையோ, சாயந்திரத்துக்குள் செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. ரோஸ்லின் ஆண்ட்டி கூப்பிட்டார்.

"என்னம்மா ஜெசி, எங்க ஃபேமிலி போட்டோ ஒண்ணுகூட இல்லியாமே? வின்சென்ட்டு யாரு? என் கூடப் பொறந்த தம்பி. அவனைத் தூக்கிக்கினு சுத்தினவ நானு!"

"இல்ல ஆண்ட்டி, மாமாவுக்குக் கண்ணு..."

"கண்ணு சரியில்லன்னா நாங்கல்லாம் இல்லைன்னு ஆயிடுமா?"

அன்று ராத்திரி குரூப்பில் அவர் பெயர், அதற்குப் பக்கத்தில் 'லெஃப்ட்'. பின்னாலேயே அவர் மகள் லெஃப்ட். மருமகன் லெஃப்ட். விழாவுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அக்கா போன் செய்து, "ஏதாவது பண்ணி சமாளிடி, அன்னிக்கு அவங்க வரலைன்னா இவரு ஒடஞ்சு போயிடுவாரு" என்றாள்.

சமாளித்தேன். கெவினோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டேன். முதலில் என்னுடையது. அதன் பிறகு எல்லாரும் சாப்பிடும்போது அவனுடையது ஓடட்டும்... புறாவோ படகோ, பிரியாணியோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும். "டீல் சித்தி" என்றான். ரோஸ்லின் ஆண்ட்டியும் மனசு மாறி, கோபத்தை முழுதாக விடாமல், வருகிறேன் என்றார்.

விழா நாள். பூசை நன்றாக முடிந்தது. ஹாலுக்குள் நுழைந்தேன்.

மேடையில் தங்க நிறத்தில் ஒரு சோபா. ராஜா ராணி உட்காருவது போல. சுற்றிலும் பூ, பலூன். அக்காவையும் மாமாவையும் அதில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள், வந்திருப்பவர்களைப் பார்த்தபடி. திரை எங்கே? அவர்கள் முதுகுக்குப் பின்னால்!

நீங்கள் போன விழாக்களை எல்லாம் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் இப்படித்தானே? யாருடைய வாழ்க்கையைப் படமாகப் போடுகிறோமோ, அவர்களைத் திரைக்கு முதுகு காட்டி உட்கார்த்தி வைப்போம். ஊரே அவர்கள் படத்தைப் பார்க்கும். அவர்கள் ஊரைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு இருப்பார்கள். இதை இத்தனை வருஷமாக ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இவ்வளவு யோசித்த நானும் யோசிக்கவில்லை.

"கெவின், சோபாவைக் கீழே இறக்கு. மொத வரிசைல போடு."

"டெக்கரேட்டர் ஃபிக்ஸ் பண்ணிட்டாரு சித்தி. லைட்டிங் எல்லாம் அதுக்குத்தான் செட் பண்ணிருக்கு. டாடி லைட்டா திரும்பிப் பாத்துக்கட்டும்."

"லைட்டா திரும்பியா! அவரு..."

"இன்னொரு விஷயம் சித்தி. டென்ஷன் ஆகாதீங்க. ரெண்டு ஃபைல் குடுத்தா ஆபரேட்டர் கன்ஃப்யூஸ் ஆயிடுவாருன்னு ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டேன். உங்களுது கொஞ்சம் டல்லா இருந்துச்சா, லைட்டா பாலிஷ் பண்ணிட்டேன்."

பாலிஷ்! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவரை நான் ஒருமுறை நேரில் சந்திக்க விரும்புகிறேன்.

ஹாலின் நடுவில் மேஜை போட்டு புரொஜெக்டர் வைத்திருந்த ஆபரேட்டரிடம் ஓடினேன். "சார், இது வேண்டாம், என் பென் டிரைவ்ல வேற இருக்கு" என்றேன். "ஈகா ஆகல்லா மேடம், ஸ்டார்ட் ஆய்த்து" என்றார் கன்னடத்தில். இனி முடியாதாம், ஆரம்பித்துவிட்டதாம். ஹாலில் விளக்குகள் அணைந்தன. இரண்டு புறாக்கள் பறந்து வந்தன.

மேடையில் மாமா கழுத்தைத் திருப்ப முயன்றார். அந்தச் சோபாவின் முதுகு அவர் தலைக்கு மேலே நின்றது, அதன் ஓரமாகச் சாய்ந்து ஓரக்கண்ணால் பார்த்தார். பாட்டு உருகியது. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நூல் வைத்து அறுத்து எடுத்த கோவில் வாசல் படம் சுழன்றுகொண்டே வந்தது, பெரிதானது, இதய வடிவத்தில் சுருங்கிப் போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கம் இல்லை, ஆத்திரம். அக்கா மேடையிலிருந்து என்னைத் தேடுவது தெரிந்தது. அவளுக்கு நான் என்ன முகத்தைக் காட்டுவது?

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"ஹால்ட்!"

ஹால் முழுக்க அப்படியே நின்றது. அது ஒரு மைதானத்தையே நிறுத்திப் பழகிய குரல். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய ஸ்டூடண்ட்ஸ் சிலர் தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ஆபரேட்டர் பயந்துபோய் எதையோ அமுக்கினார். பாட்டும் நின்றது, படமும் நின்றது.

நின்ற படம், ஊட்டி ஏரி. படகில் ரோஸ்லின் ஆண்ட்டி.

"யாருப்பா அங்க? ரிவர்ஸ்ல போ. வெள்ளைப் பொடவை ஒண்ணு போச்சு பாரு, அது" என்றார் மாமா. சோபாவிலிருந்து எழுந்து, ஹாலுக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

படங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கோவில் வாசல் வந்தது. நான் ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இங்கேயே நிறுத்துங்க சார். தொடாதீங்க" என்றேன். என் பிடியில் என்ன கண்டாரோ, அவர் கையை எடுத்துவிட்டார்.

சுவர் அளவுக்கு அக்காவின் முகம். ஆடாமல், அசையாமல்.

மாமா திரையை நோக்கி மெல்ல நடந்தார். புரொஜெக்டர் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது. திரையில் மாப்பிள்ளை நின்ற இடத்தை அவருடைய நிழல் மறைத்தது. அக்கா மட்டும் மிச்சம் இருந்தாள்.

"மறைக்குது! சார், ஒக்காருங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"அவரு நிக்கட்டும்!" இது என் அக்கா. அவள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஹால் அடங்கிவிட்டது.

மாமா திரையைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில், சுவரில் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர் ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அரை அடி நகர்ந்தார். மறுபடி சாய்த்தார்.

ரோஸ்லின் ஆண்ட்டி என் தோளைத் தட்டினார். "இன்னாத்த பாக்கறான் அங்க? படம் இந்தாண்ட இல்ல இருக்குது?"

"அப்படிப் பாத்தாத்தான் ஆண்ட்டி அவருக்குத் தெரியும்" என்றேன். ஆண்ட்டி என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. அவருக்கு இது உண்மையிலேயே தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் நோய் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறோம், அந்த மனுஷன் எப்படிப் பார்க்கிறார் என்று யாருக்கும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து மாமா, "தெரியுது, ஃபிலோ" என்றார்.

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"ஏய்... ஒரு காதுல ஜிமிக்கி இருக்கு. இன்னொரு காதுல எங்க?"

ஹாலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "அன்னிக்கு நெட்டைத் தூக்கறப்ப அதுல மாட்டிக்கிட்டு விழுந்துடுச்சுங்க. வாசப்படியிலயே போச்சு. நாப்பது வருஷமா அந்த ஆல்பம் நம்ம வீட்லதான் இருக்குது. இப்பத்தான் பாக்கறீங்களா?"

அந்தக் கோடியில் நிற்கும் பையனின் சட்டையைக் கண்டுபிடிக்கிற மனுஷன். மனைவியின் காதைப் பார்க்க நாற்பது வருஷமா? பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன் விசில் அடித்தான்.

மாமா சிலிண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்பல்லாம் நான் உன் மூஞ்சியத்தானே பாத்துட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் ஷோ. அதற்கு மேல் எதையும் ஓட்ட யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை படம் சேர்த்து, இவ்வளவு சண்டை போட்டு, கடைசியில் ஓடியது ஒரே ஒரு படம். பிரியாணி ஆறிவிட்டது. உப்பு பற்றி யாரும் பேசவில்லை.

ரோஸ்லின் ஆண்ட்டி மறுநாளே குரூப்பில் திரும்பச் சேர்ந்துவிட்டார். 'என் போட்டோ வந்த உடனே என் தம்பி ஹால்ட் சொல்லி நிறுத்திட்டான்' என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும். நான் மறுக்கப் போவதில்லை.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கோவில் வாசல் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். காலண்டருக்குப் பக்கத்தில். மாமா நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அக்கா பேப்பர் படித்துக் காட்டுகிற நேரத்தில், காபி குடிக்கிற நேரத்தில், ஊசி போட்டு வந்து களைத்துக் கிடக்கிற நேரத்தில். காலண்டரில் அப்படி என்ன இருக்கிறது என்று எங்களில் யாரும் இப்போது கேட்பதில்லை.

கெவின் உள்ளே வந்தான். சுவரை ஒரு நிமிஷம் பார்த்தான். "சித்தி, அந்தக் காலண்டரைக் கழட்டிட்டா போட்டோ இன்னும் நீட்டா இருக்கும்ல?" என்றான்.

இவனை என்ன செய்யலாம்... நீங்களே சொல்லுங்கள்!